ஆண்டவருக்குச் சித்தமானால்: எங்கள் அன்பியத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தங்கச்சிமடத்தில் எங்கள் அன்பியக் கூட்டம் வாரம் ஒரு வீட்டில் நடக்கும். அன்பியம் என்றால் பக்கத்துப் பக்கத்துக் கத்தோலிக்க வீட்டுக்காரர்கள் சேர்ந்து செபிக்கிற சின்னக் குழு. பத்துப் பதினைந்து பேர் வருவோம், பெரும்பாலும் பெண்கள், கடலுக்குப் போகாத நாளாக இருந்தால் நாலைந்து ஆண்களும் வருவார்கள். ஈஸ்டருக்கு முந்தின இந்தத் தவக்காலத்தில் "சொந்த விருப்பத்தை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுப்பது" என்ற தலைப்பை எடுத்துக்கொண்டோம். ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன், ஆறு வாரம் ஓடியது. அங்கே கேட்ட கேள்விகளையும், நான் அப்போது சொன்ன பதிலையும், வீட்டுக்கு வந்தபின் "இப்படிச் சொல்லியிருக்கலாமே" என்று தோன்றியதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் கன்னியர் மடத்தைச் சேர்ந்தவளும் இல்லை, இறையியல் படித்தவளும் இல்லை. இருபது வருஷமாக மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன், படகு வீட்டுப் பெண், அவ்வளவுதான்.

சித்தம், திருவுளம், விருப்பம் என்று மாற்றி மாற்றிச் சொல்கிறார்களே, மூன்றும் ஒன்றா?

ஒன்றுதான். பழைய செபத்தில் "உம்முடைய சித்தம்" என்று படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். இப்போது பிள்ளைகள் "உமது திருவுளம்" என்று சொல்கிறார்கள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) உறவினர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் "கர்த்தருக்குச் சித்தமானால்" என்று போட்டுத்தான் தேதியே வரும். பக்கத்து வீட்டு பாயிடம் வலைக்கு நூல் கேட்டால் "அல்லாஹ் நாடினா நாளைக்குத் தர்றேன்" என்பார். இதே பேச்சு வேதாகமத்தில் யாக்கோபு திருமுகம் நாலாம் அதிகாரத்தில் இருக்கிறது. நாளைக்கு இந்த ஊருக்குப் போவோம், வியாபாரம் பண்ணுவோம், சம்பாதிப்போம் என்று திட்டம் போடுகிறவர்களைப் பார்த்து, "ஆண்டவருக்குச் சித்தமானால், நாங்களும் உயிரோடிருந்தால்" என்று சொல்லுங்கள் என்கிறார். (சந்தியாகப்பர் என்பதும் யாக்கோபு என்பதும் ஒரே பெயர்தான். ஆனால் அந்த யாக்கோபு நம் ஊர் வேர்க்காட்டுக் கோயில் சந்தியாகப்பர் இல்லை. அவர் செபதேயுவின் மகன், மீன்பிடிக்கிறவர். திருமுகம் எழுதியவர் வேறொரு யாக்கோபு என்பதுதான் மரபு. வருஷா வருஷம் ஜூலைத் திருவிழாவில் இதை யாராவது கேட்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.)

ஒப்புக்கொடுப்பது என்றால் நமக்கு என்று ஆசையே இருக்கக்கூடாதா?

இதுதான் எல்லாரும் தப்பாகப் பிடித்துக்கொள்கிற இடம். எனக்கும் நாற்பது வயது வரை இது புரியவில்லை.

புனித வியாழன் இரவு, கெத்சமனித் தோட்டத்தில் இயேசு செபித்த பகுதியை வாசிக்கும்போது "என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்ற வரி வந்ததும் தலையைக் குனிந்துகொள்வோம். அதற்கு முன்னால் இருக்கிற வரியை யாரும் பார்ப்பதில்லை. "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும்" என்றுதான் அவர் முதலில் கேட்டார். தனக்கு என்ன வேண்டும் என்று தெளிவாக, வெட்கப்படாமல், தகப்பனிடம் சொன்னார். மத்தேயு கணக்குப்படி மூன்று தடவை போய் வந்திருக்கிறார், லூக்கா வியர்வை இரத்தத் துளிபோல் விழுந்தது என்று எழுதுகிறார். ஆசையே இல்லாத மனுஷனுக்கு இந்தப் பாடு எதற்கு?

இன்னொன்று. எரிகோவில் பர்த்திமேயு என்ற கண் தெரியாத பிச்சைக்காரன் கத்திக் கூப்பிட்டபோது, "நான் உனக்கு என்ன செய்ய வேண்டும்?" என்று இயேசு கேட்டார். கண் தெரியாதவனிடம் இது கேட்க வேண்டிய கேள்வியா என்று பிள்ளைகள் வகுப்பில் சிரிப்பார்கள். ஆனால் அவன் வாயால் சொல்ல வேண்டும் என்று அவர் காத்திருந்தார்.

நம் கரையில் பெண்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். கடலில் பாசி எடுக்கப் போகிற ஒரு தங்கையிடம், விரல் நுனியெல்லாம் துணி சுற்றிக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் நாலு மணி நேரம் நிற்கிறவள் அவள், "ஆண்டவரிடம் உனக்கு என்ன வேணும்னு சொல்லு" என்றேன். மகளுக்கு நல்ல இடம் அமையணும் என்றாள், வீட்டுக்காரர் கடன் அடையணும் என்றாள். உனக்கு, உனக்கு என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "ஒருநாள் மத்தியானம் யாரும் எழுப்பாம தூங்கணும் அக்கா" என்றாள். கூட்டத்தில் எல்லாரும் சிரித்தோம், ரெண்டு பேர் அழுதோம். அவள் இத்தனை வருஷமாக ஆண்டவருக்கு எதை ஒப்புக்கொடுத்துக்கொண்டிருந்தாள் என்று யோசித்துப் பாருங்கள். கையில் ஒன்றுமே இல்லாமல் காணிக்கைத் தட்டில் கையை வைத்து எடுப்பது போலத்தான். கொடுப்பதற்கு முதலில் நம்மிடம் ஒரு விருப்பம் இருக்க வேண்டும், அது நம்முடையது என்று நமக்குத் தெரிய வேண்டும்.

எல்லாம் அவர் சித்தப்படிதான் நடக்கும் என்றால் நாம் எதற்குப் பாடுபட வேண்டும்?

இதைக் கேட்டது ஒரு விசைப்படகு டிரைவர். அவருக்குத் திருத்தூதர் பணி 27ஆம் அதிகாரத்தைத்தான் வாசித்துக் காட்டினேன், அது முழுக்கக் கடல் கதை. பவுலைக் கைதியாக ரோமுக்குக் கொண்டுபோகிற கப்பல் புயலில் மாட்டுகிறது, 276 பேர் உள்ளே, பதினாலு நாளாகக் கரை தெரியவில்லை. இரவில் வானதூதர் வந்து ஒருத்தர் உயிரும் போகாது என்று பவுலுக்கு வாக்குக் கொடுக்கிறார். வாக்குக் கிடைத்தாச்சு, இனி கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாம் இல்லையா? கொஞ்ச நேரத்தில் மாலுமிகள் சின்னப் படகை இறக்கித் தப்பி ஓடப் பார்க்கிறார்கள். அப்போது பவுல், இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் பிழைக்க மாட்டீர்கள் என்று படைத்தலைவனிடம் சொல்கிறார். கடவுள் காப்பாற்றுவேன் என்று சொன்னதும் நிஜம், கப்பல் ஓட்டத் தெரிந்தவன் இல்லாவிட்டால் செத்துப்போவோம் என்பதும் நிஜம். பவுலுக்கு ரெண்டும் இடிக்கவில்லை.

அதில் ஒரு வரி, கப்பலின் பின்பக்கத்தில் நாலு நங்கூரம் போட்டார்கள் என்று. ஏன் பின்பக்கம் என்று பல வருஷம் எனக்குப் புரியாமலே வாசித்திருக்கிறேன். டிரைவர் தம்பி உடனே சொன்னார்: "முன்னால போட்டா காத்துக்குக் கப்பல் திரும்பிக்கும் அக்கா. பின்னால போட்டா அணியம், அதான் முன்பக்கம், கரையப் பாத்தே நிக்கும், விடிஞ்சதும் அறுத்து விட்டுட்டு நேரா மணல்ல ஏத்திரலாம்." அதேதான் செய்தார்கள். விடிந்ததும் நங்கூரக் கயிற்றை அறுத்தார்கள், அதற்கு முன்னால் பவுல் எல்லாரையும் சாப்பிட வைத்தார், மிச்சக் கோதுமையைக் கடலில் கொட்டினார்கள். கப்பல் உடைந்தது, ஆட்கள் எல்லாரும் கரை சேர்ந்தார்கள். அன்றைக்கு அந்தத் தம்பிதான் பிரசங்கம் பண்ணினார் என்று சொல்ல வேண்டும்.

(காற்று ஆண்டவர், பாய் நாம், சும்மா விரித்துக் கொடுத்தால் போதும் என்று ஒரு உவமை பிரசங்கங்களில் வரும். கடலுக்குப் போகாதவர்கள் சொல்வது அது. பாயை விரித்துவிட்டுச் சும்மா இருந்தால் எங்கே போய்ச் சேருவோம் என்று நாட்டுப்படகுக்காரரிடம் கேளுங்கள்.)

புயல், சுனாமி, படகு கவிழ்வது, இதெல்லாம் ஆண்டவர் சித்தமா?

இதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் எங்கள் அப்பத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பத்தா தனுஷ்கோடியில் வாழ்க்கைப்பட்டவர். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலைப் பற்றி இந்தக் கரையில் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை, பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலே அலையில் போனது. அந்த இரவில் அப்பத்தாவின் கைக்குழந்தையும் தம்பியும் போனார்கள். மிச்சம் இருந்தவர்களோடு தங்கச்சிமடம் வந்து குடிசை போட்டார்கள். இப்போது சுற்றுலா வருகிறவர்கள் நின்று படம் எடுத்துக்கொள்கிற அந்த இடிந்த கோயிலுக்கு அப்பத்தா அதன்பின் ஒருதடவைகூடப் போனதில்லை.

எங்கள் வீட்டில் இரவு ஏழு மணிக்குச் செபமாலை. ஆளுக்கு மாலையில் பத்து மணியை உருட்டிச் சொல்ல வேண்டும். செபமாலை சொல்கிறவர்களுக்குத் தெரியும், பரலோக மந்திரத்தின் (இயேசு கற்பித்த செபம்) முதல் பாதியை ஒருவர் சொல்ல, மற்றவர்கள் "எங்கள் அனுதின உணவை" என்று இரண்டாம் பாதியைச் சொல்வார்கள். முதல் பாதி "உம்முடைய சித்தம்" என்ற வரியோடுதான் முடியும். அப்பத்தா முறை வரும்போதெல்லாம் "நீ சொல்லு தாயி" என்று எங்களில் யாரிடமாவது தள்ளிவிடுவார். வயசானவர், தொண்டை வலி என்று நினைத்துக்கொண்டோம். எனக்கு இருபது வயது இருக்கும்போதுதான் உறைத்தது, இந்த மனுஷி என் வாழ்நாளில் ஒருதடவைகூட அந்த முதல் பாதியை வாயால் சொல்லி நான் கேட்டதில்லை என்று. தனியாக இருக்கும்போது கேட்டேன். "சோறு குடுன்னு கேக்கலாம், மன்னிச்சிருன்னு கேக்கலாம். அத எப்படிடி கேக்குறது?" என்றார்.

பங்குச் சாமியார்களிடம் கேட்டால், கடவுள் விரும்புவது வேறு, நடக்க விடுவது வேறு என்று விளக்குவார்கள். திருச்சபை அப்படித்தான் சொல்கிறது, நானும் அதை நம்புகிறேன். அவர் குழந்தையைக் கடலில் தள்ளுகிறவர் இல்லை. ஆனால் நடக்க மட்டும் ஏன் விட்டார் என்று அப்பத்தா திருப்பிக் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை, இப்போதும் இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு பேச்சு இருக்கிறது, அது எனக்குக் கோபத்தை வரவழைக்கும். 2004 சுனாமியில் நாகப்பட்டினம் பக்கம் அத்தனை பேர் போனார்கள், நம் பக்கம் அந்த அளவுக்கு இல்லை, நம் செபம்தான் காப்பாற்றியது என்று இன்றைக்கும் சிலர் சாட்சி சொல்கிறார்கள். நமக்கும் அலைக்கும் நடுவில் இலங்கை நின்றது, அதுதான் காரணம். அன்றைக்குக் கிறிஸ்துமஸ் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணியில் செத்தவர்களில் மாதாவைப் பார்க்க வந்தவர்கள் எத்தனை பேர்! அவர்கள் செபிக்காதவர்களா? சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்லிவிட்டார். லூக்கா 13. இதற்குமேல் யாரும் அந்தக் கணக்கைப் போட வேண்டாம்.

அப்பத்தா கதையில் மிச்சம் ஒன்று உண்டு. புயலுக்கு இருபத்தைந்து வருஷம் கழித்து ஒரு சாதாரண நாள், விசேஷம் ஒன்றும் இல்லை, மீன் குழம்பு அடுப்பில் இருக்கிறது. அவர் முறை வந்ததும் யாரிடமும் தள்ளாமல் அவரே தொடங்கி முதல் பாதியை முழுக்கச் சொன்னார். பதில் சொல்ல வேண்டிய எங்களுக்கு ஒரு நொடி வாய் வரவில்லை. ஏன் சொன்னார் என்று நாங்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சாவு வீட்டுக்குப் போனால் "எல்லாம் ஆண்டவர் சித்தம்" என்று ஆறுதல் சொல்லலாமா?

சொல்லாதீர்கள். அந்த வார்த்தையைச் சொல்ல உரிமை இழந்தவருக்கு மட்டும்தான், அவர் சொல்ல இருபத்தைந்து வருஷம் ஆனாலும் சரி. நீங்கள் காபி போட்டுக் கொண்டுபோங்கள், பிள்ளைகளைக் குளிப்பாட்டி விடுங்கள். வேதாகமத்தில் பிள்ளைகளையெல்லாம் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் இருந்தவரை நல்ல நண்பர்களாகத்தான் இருந்தார்கள்.

வீட்டுக்காரர் குடித்துவிட்டு அடிக்கிறார். பொறுத்துக்கொள், அதுதான் உன் சிலுவை, ஆண்டவர் சித்தம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள்.

பெரியவர்கள் தப்பாகச் சொல்கிறார்கள். அடிக்கிறது அவன் சித்தம். அதன்மேல் ஆண்டவர் பெயரை எழுதி ஒட்டுவது அவர் பெயரை வீணாகச் சொல்லும் பாவம் என்றே நான் நினைக்கிறேன்.

ஏரோது பிள்ளையைக் கொல்லத் தேடினபோது சூசையப்பர் ராத்திரியோடு ராத்திரியாகத் தாயையும் பிள்ளையையும் எழுப்பிக்கொண்டு எகிப்துக்கு ஓடினார். நாசரேத்துக்காரர்கள் மலை விளிம்புக்குத் தள்ளிக்கொண்டு போனபோது இயேசு அவர்கள் நடுவிலிருந்து விலகிப் போய்விட்டார். பவுலைக் கூடையில் வைத்து மதில் வழியாக இறக்கிவிட்டார்கள். தப்பித்துப் போவது கீழ்ப்படியாமை என்றால் இவர்கள் எல்லாருமே கீழ்ப்படியாதவர்கள். இயேசு சிலுவையை ஏற்றது தானே நடந்து போய், தானே தேர்ந்துகொண்டு. உன் தலையில் இன்னொருவன் தூக்கிப் போட்டதற்கு அந்தப் பெயர் கிடையாது.

உதவிக்கு 181 என்ற எண் இருக்கிறது, பெண்களுக்கானது, எந்த நேரமும் கூப்பிடலாம். அம்மா வீட்டுக்குப் போங்கள், எங்கள் வீட்டுக்கு வாங்கள். மன்னிப்பதைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் கதவுக்கு இந்தப் பக்கம் வாருங்கள்.

அருளானந்தர் மாதிரி உயிரைக் கொடுத்தால்தான் முழுசாக ஒப்புக்கொடுத்ததாக அர்த்தமா?

ஓரியூருக்குப் போய் அந்தச் சிவப்பு மணலை முடிந்துகொண்டு வராத வீடு நம் பக்கம் குறைவு. போர்ச்சுக்கலிலிருந்து வந்த இயேசு சபைச் சாமியார் அருளானந்தரை 1693 பிப்ரவரி 4 அன்று அங்கேதான் தலையை வெட்டினார்கள், பிரசங்கங்களும் அதைத்தான் சொல்லும். என்னைக் கேட்டால் நான் அதற்குச் சில வருஷம் முன்னால் லிஸ்பனில் நடந்ததைப் பார்க்கச் சொல்வேன். 1686இல் இதே மறவர் நாட்டில், அதாவது சேதுபதி ஆண்ட நம் ராமநாதபுரச் சீமையில், பிடித்து, சித்திரவதை பண்ணி, இனி இங்கே போதிக்கக் கூடாது என்று சொல்லித்தான் அவரை விட்டார்கள். அப்புறம் சபை வேலையாகப் போர்ச்சுக்கலுக்குப் போனார். அரசர் இரண்டாம் பேதுரு அவரோடு சின்ன வயதில் அரண்மனையில் வளர்ந்தவர், இங்கேயே இரு என்று கேட்டார். இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். உடம்பு போதும் போதும் என்று பட்டாகிவிட்டது, அங்கேயும் ஆண்டவர் வேலைதானே, சாக்குகூடத் தேட வேண்டியதில்லை. இருந்தும் 1690இல் கப்பல் ஏறி வந்துவிட்டார். ரெண்டு நல்ல வழி முன்னால் இருந்து, சுலபமானதை யாரும் தடுக்காதபோது, அதை விட்டுவிட்டு வருவதைத்தான் நான் ஒப்புக்கொடுத்தல் என்பேன். வாள் வரும்போது பாதி முடிவு நம் கையில் இருப்பதில்லை.

ஒரு விஷயம், இதைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. மறவர் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவர் அருளானந்தரிடம் திருமுழுக்குப் பெற்றபோது ஒரு மனைவியை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிட்டார். அதில் ஒருத்தி சேதுபதியின் உறவுக்காரப் பெண், அவள் போய் முறையிட்டதில்தான் அருளானந்தர் பிடிபட்டார். கதையில் அவள் வில்லியாகவே வருகிறாள். அவளிடம் யாராவது "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டிருப்பார்களா என்று ஓரியூரில் மெழுகுதிரி ஏற்றும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். புனிதரின் மேல் எனக்கு இருக்கிற பக்தி இதனால் குறையவில்லை.

எது அவர் சித்தம், எது என் ஆசை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சீட்டுப் போட்டுப் பார்க்கலாமா என்று ஒரு அம்மா கேட்டார். தமிழில் அதற்குத் "திருவுளச்சீட்டு" என்றே பெயர் இருப்பதால் வந்த வினை. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப் போட்டுத்தான் எடுத்தார்கள், உண்மைதான். ஆனால் அது பெந்தகோஸ்துக்கு முன்னால். தூய ஆவி வந்தபிறகு அவர்கள் சீட்டுப் போட்டதாகத் திருத்தூதர் பணியில் எங்கேயும் இல்லை, உட்கார்ந்து பேசி, சண்டைகூடப் போட்டு, முடிவெடுக்கிறார்கள். கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து விரல் வைப்பதும் சீட்டுத்தான்.

அருளானந்தரின் சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் சொன்ன சில வழிகள் எனக்கு உதவியிருக்கின்றன. ஒன்று, இதே பிரச்சினையோடு முன்பின் தெரியாத ஒருவர் உங்களிடம் வந்தால் என்ன யோசனை சொல்வீர்கள் என்று பாருங்கள். அடுத்தவருக்குச் சொல்லும்போது நமக்கு மூளை நன்றாக வேலை செய்யும். இன்னொன்று, சாகப்போகிற நேரத்தில் எந்த முடிவை எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைப்பீர்களோ அதை இப்போது எடுங்கள். மூன்றாவதுதான் முக்கியம்: மனசு இருண்டு கிடக்கும்போது ஏற்கெனவே எடுத்த முடிவை மாற்றாதீர்கள்.

இதை ஒரு பையனிடம் சொன்னேன். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடை, 61 நாள், அதில் நாற்பதாவது நாள் வந்து உட்கார்ந்து, தொழிலே வேண்டாம் அக்கா, வலையைக் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டுத் திருப்பூர் போறேன், ஆண்டவர் வழி காட்டிவிட்டார் என்கிறான். கையில் காசில்லை, வீட்டில் சண்டை, வட்டிக்காரர் வாசலில். வழி காட்டுகிற நேரமா அது? போ, ஆனால் தடை முடிந்து ரெண்டு தடவை கடலுக்குப் போய் வந்து அப்புறம் முடிவெடு என்றேன். போய் வந்தான், ரெண்டாவது தடவை நல்ல மீன்பாடும்கூட. அதற்குப் பிறகும் திருப்பூர்தான் என்றான், போய்விட்டான். சரியான முடிவா என்று எனக்குத் தெரியாது. எரிச்சலில் எடுத்த முடிவில்லை, அது தெரியும்.

நேர்ச்சை வைப்பது ஆண்டவரிடம் பேரம் பேசுவதாகாதா?

சில நேரம் ஆகும். பிள்ளை பிறந்தால் வேளாங்கண்ணியில் மொட்டை, படகு திரும்பி வந்தால் கச்சத்தீவு அந்தோனியாருக்குப் பெரிய மெழுகுதிரி, இதெல்லாம் பயத்தில் இருக்கிறவன் பேச்சு. சாமுவேலின் தாய் அன்னாவும் நேர்ந்துகொண்டவள்தான், ஆண்டவர் கோபிக்கவில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை, நேர்வது உங்களுடையதாக இருக்கட்டும். பழைய ஏற்பாட்டில் இப்தா என்ற தலைவன் போருக்குப் போகும்போது வீட்டிலிருந்து முதலில் வருவதை நேர்ந்துகொண்டான், மகள் மேளம் கொட்டிக்கொண்டு ஓடி வந்தாள். கணவர் பிழைத்தால் மகளைக் கன்னியர் மடத்தில் விடுகிறேன் என்று நேர்ந்த வீடு எனக்குத் தெரியும். அது அந்தப் பெண்ணின் விருப்பம், அம்மா எப்படிக் காணிக்கை போட முடியும்?

ஒருதடவை ஒப்புக்கொடுத்துவிட்டால் மனசு அமைதியாகிவிடுமா?

எனக்கு ஆகவில்லை. பல வருஷம் முன்னால் எங்கள் படகு எல்லையில் பிடிபட்டது. ஆட்கள் ஆறு வாரத்தில் வந்து சேர்ந்தார்கள், படகு வரவில்லை. அதன்மேல் வாங்கின கடன் மட்டும் ஒழுங்காக மாதாமாதம் வந்தது. அந்த வருஷத் தியானத்தில் கண்ணீரோடு எல்லாவற்றையும் பீடத்தில் வைத்துவிட்டேன், படகு உம்முடையது, நாங்கள் உம்முடையவர்கள் என்று. வீட்டுக்கு வரும்போது உடம்பு பஞ்சு மாதிரி லேசாக இருந்தது. மறுநாள் காலையில் வட்டிக்காரர் போன், பழையபடி வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

நாம் செய்தது பொய்யோ என்று ரொம்ப நாள் குழம்பினேன். அப்புறம் என் மாமியார்தான், அவர் ஒரு வார்த்தை வேதம் வாசிக்கத் தெரியாதவர், "மர வள்ளம்னா தண்ணி கசியத்தான் செய்யும். நேத்து இறைச்சோமேன்னு இன்னிக்கு இறைக்காம இருப்பியா?" என்றார். அதிலிருந்து தகர டப்பாவை எடுத்துக்கொண்டு தினமும் இறைக்கிறேன், சில நாள் காலையிலும் மாலையிலும்.

அப்போ செபத்தில் என்னதான் சொல்ல வேண்டும்?

முதலில் வேண்டியதைச் சொல்லுங்கள், பெயர், தொகை, தேதியோடு. கோபம் இருந்தால் அதையும். அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். இஞ்ஞாசியார் செபம் ஒன்று, என் சுதந்திரம், என் நினைவு, என் அறிவு, என் சித்தம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும் என்று வரும். அழகான செபம், ஆனால் முதல் நாளே அதற்குத் தாவ வேண்டாம். இன்றைக்கு ஒன்றைக் கொடுக்க முடிந்தால் ஒன்று. கொடுக்க மனசில்லை என்றால் "கொடுக்க மனசில்லை" என்று சொல்வதும் செபம்தான்.

அக்கா, நீங்கள் முழுசாக ஒப்புக்கொடுத்துவிட்டீர்களா?

கடைசி வாரம் ஒரு சின்னப் பெண் கேட்டது. கூட்டத்தில் சிரித்து மழுப்பிவிட்டேன், இங்கே எழுதுகிறேன்.

மகனைக் கடலுக்கு அனுப்பக் கூடாது என்பது என் விருப்பம். பன்னிரண்டாவது முடித்ததும் ராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் படிக்க அனுப்பினேன், படித்தான், ரெண்டு வருஷம் வேலையும் பார்த்தான், திரும்பி வந்து படகில் ஏறிவிட்டான். அவனுக்குக் கடல் பிடிக்கிறது. அது அவன் விருப்பம், அதில் ஆண்டவரை என் கட்சிக்கு இழுக்க முடியாது என்று மற்றவர்களுக்கு வாய் கிழியச் சொல்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் போட்டுவிட்டு அவன் கிளம்பும்போது, எஞ்சின் கிளம்பாமல் போகட்டும் என்று உள்ளுக்குள் ஒருத்தி வேண்டிக்கொள்கிறாள்.

இன்று சனிக்கிழமை. மத்தியானத்திலிருந்து கச்சான் காற்று கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது. வீட்டில் நான் மட்டும்தான், வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருக்கிறார். தனியாகச் செபமாலை சொன்னால் ரெண்டு பாதியையும் நானே சொல்ல வேண்டும். நாலாவது பத்து மணி வரை சொல்லிவிட்டு எழுந்து போய் அவன் போனுக்கு அடித்துப் பார்த்தேன், டவர் இல்லை. ஐந்தாவதைச் சொல்லி முடித்தேன். படகு காலையில் ஏழு மணிக்கு மேல் வரும்.